மழைக்காலத்தில்தான் ஆற்றோரம் நடக்க வேண்டும்

எங்கள் சாத்தூரில் காலை நடைக்குப் போகிறவர்கள் இரண்டு வகை. சித்திரையிலிருந்து புரட்டாசி வரை நடப்பவர்கள் ஒரு வகை. வருஷம் முழுக்க நடப்பவர்கள் இன்னொரு வகை. முதல் வகையில் நூறு பேர் என்றால், இரண்டாம் வகையில் ஐந்து பேர் தேறுவது கஷ்டம். ஐப்பசி பிறந்து முதல் அடைமழை இறங்கியதுமே மைதானம் காலியாகிவிடும். "மழை விடட்டும் சார், தை பிறந்ததும் பாத்துக்கிடலாம்" என்று தலையில் குல்லாவை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

நான் சொல்ல வருவது இதற்கு நேர் எதிரானது. கரிசல் பூமியில் நடப்பதற்கென்று ஒரு காலம் உண்டு என்றால் அது ஐப்பசியும் கார்த்திகையும்தான். நடப்பதற்கென்று ஓர் இடம் உண்டு என்றால் அது மைதானமல்ல, ஆற்றங்கரை. அந்த இரண்டு மாதமும் ஆற்றோரம் நடக்க ஆள் இல்லாமல் போனது ஊருக்கே நஷ்டம் என்பது என் கட்சி. எப்படி என்று சொல்கிறேன். ஒத்துக்கொள்ளாதவர்கள் சண்டைக்கு வரலாம். பென்ஷன்காரனுக்குச் சண்டை போட நேரம் நிறைய இருக்கிறது.

முதலில் காலத்தைப் பற்றி.

அக்டோபர் வந்தால் வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவார்கள். மரமெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக இருக்கும். தரையெல்லாம் இலை. பேரன் அதை வாரி இறைத்து விளையாடுவான். பார்க்க அழகுதான். அதைப் பார்த்துவிட்டு, "நம்ம ஊர்ல இதெல்லாம் ஏது?" என்று பெருமூச்சு விடும் தாத்தா பாட்டிகளும் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. அவர்கள் ஊரில் இலை உதிரும் அதே மாதத்தில்தான் நம் ஊரில் இலை துளிர்க்கிறது. ஆறு மாதமாகப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த நிலம் வாயை மூடிக்கொண்டு பச்சைக்குத் திரும்புகிறது. நம் முன்னோர் வருஷத்தை ஆறாகப் பிரித்து, ஐப்பசி கார்த்திகைக்குக் கூதிர் என்று பெயர் வைத்தார்கள். பெயரைச் சொல்லும்போதே மேலெல்லாம் ஒரு சிலிர்ப்பு ஓடுகிறதா இல்லையா?

மற்ற ஊர்க்காரர்கள் ஆடிப்பட்டம் தேடி விதைப்பார்கள். கரிசல்காட்டு மானாவாரிக்கு ஆடி சரிப்படாது. ஆடியிலும் ஆவணியிலும் இங்கே காற்றுதான் அடிக்கும். நம் பட்டம் புரட்டாசி. இந்தப் பக்கம் ஆண்டு மழை 700 மில்லிமீட்டரைச் சுற்றித்தான் நிற்கும். அதில் பாதிக்கும் மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் பெய்து முடிந்துவிடும். பன்னிரண்டு மாதச் சம்பளத்தை இரண்டு மாதத்தில் கொடுத்துவிட்டு, மிச்ச மாதத்தை நீயே சமாளித்துக்கொள் என்று சொல்லும் முதலாளி மாதிரி. அதனால்தான் புரட்டாசிக் கடைசியில், மழை வருவதற்கு முன்பே புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்து உட்காருவார்கள். 1901இல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் பிற்பாடு ஆராய்ந்து பரிந்துரைத்ததும் இந்த மழைக்கு முந்திய விதைப்பைத்தான். வடகிழக்குப் பருவமழை நமக்கு வெறும் வானிலைச் செய்தி கிடையாது. அதுதான் வருஷக் கணக்கு.

அப்படிப்பட்ட இரண்டு மாதத்தை ஜன்னலுக்குள்ளிருந்து பார்ப்பதா?

அடுத்து ஆற்றைப் பற்றி.

வடக்கே வைகை, தெற்கே தாமிரபரணி என்று இரண்டு பெரிய வீட்டுப் பிள்ளைகள். இடையில் எங்கள் வைப்பாறு ஏழை வீட்டுப் பிள்ளை. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் பிறந்து, வெம்பக்கோட்டை அணையில் கொஞ்சம் தங்கி, சாத்தூரைத் தொட்டு, இருக்கன்குடியில் அர்ச்சுனா நதியைச் சேர்த்துக்கொண்டு, விளாத்திகுளம் வழியாகப் போய் மன்னார் வளைகுடாவில் விழுகிறது. வருஷத்தில் பெரும்பாலான நாள் மணலும் முள்ளும்தான். வெளியூர்க்காரர் ரயிலில் போகும்போது பாலத்தின் சத்தம் மாறுவதை வைத்துத்தான் கீழே ஆறு இருக்கிறது என்று தெரிந்துகொள்வார். ஆனால் ஐப்பசி கார்த்திகையில் ஒரு நாள், மேற்கே மலையில் மழை என்று ராத்திரிச் செய்தியில் சொல்வார்கள். மறுநாளோ அதற்கடுத்த நாளோ விடியலில் போய்ப் பார்த்தால் செந்தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்திருக்கும். அன்றைக்குப் பாலத்தில் பைக்கை நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்காதவர்கள் ஊரில் இருக்க மாட்டார்கள். "தண்ணி வந்திருச்சு, தண்ணி வந்திருச்சு" என்று, மகளுக்குப் பிள்ளை பிறந்த சேதி மாதிரி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள்.

மழைக்கால நடையில் கிடைப்பது என்னவென்று கேட்டால் கணக்கெடுத்துச் சொல்ல முடியாது. இருந்தாலும் கொஞ்சம் சொல்கிறேன். காலையில் மேற்கே பார்த்து நடந்தால் வெயில் முதுகில் விழும், வெளிச்சம் மலையில் விழும். கோடை முழுக்கப் புழுதிக்குள் ஒளிந்திருந்த திருவில்லிபுத்தூர்ப் பக்கத்து மலை, ஒரு மழை கழுவிவிட்டதும் மடிப்பு மடிப்பாக எழுந்து நிற்கும். வேலி ஓரத்தில் பிரண்டைக்கு நடுவே செங்காந்தள் பூத்திருக்கும். கார்த்திகைப்பூ என்று சொல்லிப் பொட்டுப் பிள்ளைகள் பறிக்கப் பார்க்கும். கிழங்கில் விஷம் என்று பாட்டிமார் அதட்டுவார்கள். ஈரத் தரையில் பட்டுத்துணியைக் கத்தரித்துப் போட்ட மாதிரி சிவப்பாக வெல்வெட் பூச்சி ஊரும். தீப்பெட்டிக்குள் புல்லைப் போட்டு அதை வளர்த்த பள்ளிக்கூட நாட்கள் உங்களுக்கும் இருந்திருக்கும். தீப்பெட்டிக்குப் பஞ்சமில்லாத ஊர் ஆயிற்றே நம்முடையது.

காட்டுக்குள் பெண்கள் குனிந்து பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் ஆய்ந்துகொண்டிருப்பார்கள். விதைக்காமல் முளைப்பவை அவை. மழை மாதத்தில் மட்டும்தான் கிடைக்கும். எந்தக் கடையிலும் நல்லதாகக் கிடைக்காது. கம்மங்கஞ்சிக்குப் பண்ணைக்கீரைக் கடைசல் எப்படி இருக்கும் என்பதை இதை வாசிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மேலே பார்த்தால் சோளப்பட்சிக் கூட்டம் ஒரே போர்வையாகச் சுருண்டு விரிந்து போகும். மத்திய ஆசியாவிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் நம் கரிசல்காட்டைத் தேடி வருகிற விருந்தாளிகள் அவை. பூனைப்பருந்தும் அப்படித்தான். பயிருக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் சத்தமில்லாமல் மிதந்து போகும். அத்தனை தூரத்திலிருந்து பறவை வந்து பார்க்கிற இடத்தை, அரை மைலில் இருக்கிற நாம் போய்ப் பார்க்க மாட்டோம்.

இது வரைக்கும் சொன்னது கண்ணுக்கு. இனிமேல் சொல்லப்போவதுதான் விஷயம்.

நான் சர்வேயராக முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்தவன். 66 அடிச் சங்கிலியும் நூறு கண்ணியும் குறுக்குக்கட்டையுமாகக் கரிசல்காட்டை அளந்தவன். அந்தத் தொழிலில் கற்றுக்கொண்ட முதல் பாடம், கரிசலில் கல் நேராக நிற்காது என்பதுதான். இந்த மண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். கோடையில் வெடிக்கும் வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரை போகும். வருஷா வருஷம் உப்பிச் சுருங்கும் மண்ணில் நட்ட எல்லைக்கல் சாயும், நகரும், சில சமயம் உள்ளேயே போய்விடும். வீட்டுச் சுவரில் கீறல் விழுவதும் இதே காரணத்தால்தான். அஸ்திவாரத்தை ஆழமாகப் போடு என்று கொத்தனார் சொல்வது வீணுக்கல்ல.

இரண்டாவது பாடம், தண்ணீரின் எல்லையைக் காகிதத்தில் மட்டும் பார்த்தால் போதாது என்பது. புலப்படத்தில் ஓடை என்று இரண்டு கோடு இருக்கும். ஏ-பதிவேட்டில் ஓடைப் புறம்போக்கு என்று இருக்கும். ஆனால் மாசி பங்குனியில் போய் நின்றால் ஓடையையும் காட்டையும் பிரித்துப் பார்க்க முடியாது. எல்லாம் ஒரே முள்ளும் புழுதியுமாகக் கிடக்கும். அந்த நேரத்தில்தான் ஓடையை இரண்டு சால் சேர்த்து உழுதுகொள்வதும், மண்ணைத் தட்டிப் பாதை போடுவதும், நாளடைவில் மனைக்கல் ஊன்றுவதும் நடக்கும். கார்த்திகையில் போய்ப் பாருங்கள். தண்ணீர் தன் எல்லையைத் தானே அளந்து காட்டியிருக்கும். எந்தச் சங்கிலியும் வேண்டாம். நுரையும் சருகும் ஒதுங்கிய கோடு இருக்கிறதே, அதுதான் ஆறு போட்ட கையெழுத்து. அந்தக் கையெழுத்தைப் பார்க்க வருஷத்தில் இரண்டு மாதம்தான் அவகாசம். அந்த இரண்டு மாதமும் நாம் வீட்டுக்குள் குல்லா போட்டு உட்கார்ந்திருக்கிறோம்.

முந்தைய காலத்தில் மழைக்கால நடை பொழுதுபோக்கு இல்லை, வேலை. தென்மாவட்டத்துக் கிராமங்களில் நீர்க்கட்டி என்றும் நீர்ப்பாய்ச்சி என்றும் மடையர் என்றும் ஆட்கள் இருந்தார்கள். அடைமழை பிடித்தால் கண்மாய்க் கரை மேல் நடப்பது அவர்கள் பொறுப்பு. எலி வளை எங்கே, நண்டு வளை எங்கே, கரை எங்கே கசிகிறது, கலுங்கில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று பார்த்து ஊருக்குச் சொல்வார்கள். அறுவடைக்களத்தில் அவர்களுக்கென்று தானியம் அளந்து வைக்கப்படும். ஊரே கூடி மராமத்துச் செய்வதற்குக் குடிமராமத்து என்று பெயர். 2017இல் அரசு அந்தப் பெயரிலேயே ஒரு திட்டத்தை மறுபடி கொண்டு வந்தது. பொக்லைனும் லாரியும் வந்தன. சில இடத்தில் நல்ல வேலையும் நடந்தது. ஆனால் ராத்திரியில் குடையும் அரிக்கேன் விளக்குமாகக் கரையில் நடந்த அந்த ஆளை எந்தத் திட்டத்திலும் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. இயந்திரம் தூர் வாரும். ஆனால் கரையில் கசிவு தெரிகிறதென்று ஓடி வந்து கதவைத் தட்டாது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. கோவில்பட்டியிலேயே 50 சென்டிமீட்டர் அளவுக்குப் பெய்தது. வருஷம் முழுக்கப் பெய்ய வேண்டியதில் பெரும்பகுதி ஒரு ராத்திரி ஒரு பகலில் இறங்கிவிட்டது. பழைய தொழில் புத்தியில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓர் ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் 40,000 லிட்டர் தண்ணீர். 50 சென்டிமீட்டர் என்றால் ஏக்கருக்கு 20 லட்சம் லிட்டர். கரிசல் மண்ணோ உப்பி வாயை மூடிக்கொண்டால் அதற்கு மேல் வேகமாகக் குடிக்காது. அத்தனையும் போயாக வேண்டும். எங்கே போகும்? பழைய வழியில்தான் போகும். அந்த வழியில் இப்போது வீடு இருக்கிறதா, கடை இருக்கிறதா, கல்யாண மண்டபம் இருக்கிறதா என்று தண்ணீர் விசாரித்துக்கொண்டு போகாது. அந்த வாரம் கண்மாய்கள் உடைந்தபோதும் தெருக்களில் இடுப்பளவு தண்ணீர் நின்றபோதும், பல ஊர்களில் பெரியவர்கள் சொன்னது ஒரே வாசகம்தான்: "இது ஓடையா இருந்த இடம்ல."

அது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இளையவர்களுக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லவில்லை, தெரியாதவர்கள் கேட்கவில்லை. ஏனென்றால் இரண்டு பேரும் சேர்ந்து அந்தப் பக்கம் நடக்கவே இல்லை. ஓடை எங்கே போனது என்ற அறிவு நிலத்தில் நின்று கை நீட்டிக் காட்டினால்தான் அடுத்த தலைமுறைக்குப் போகும். உட்கார்ந்த இடத்தில் சொன்னால் அது பழங்கதை. "தாத்தா ஆரம்பிச்சுட்டாரு" என்று எழுந்து போய்விடுவார்கள். நம்மோடு அது மண்ணுக்குப் போய்விடும். நம் வயதுக்காரர்கள் மழைக்காலத்தில் நடக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது சர்க்கரையும் கொழுப்பும் குறைய மட்டுமல்ல.

மேற்கே வெம்பக்கோட்டைக்குப் பக்கத்தில், விஜயகரிசல்குளத்தில், வைப்பாற்றின் கரை மேட்டில் 2022 முதல் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது உங்களுக்குத் தெரியும். சங்கு வளையல், கண்ணாடி மணி, சுடுமண் பொம்மை, தந்தத்தில் செய்த பகடை என்று என்னென்னவோ கிடைத்தன. கிடைத்த பொருளை எல்லோரும் பேசினார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது அந்த மேடு. ஆற்றின் பக்கத்திலேயே இருக்க வேண்டும், ஆனால் மேட்டில் இருக்க வேண்டும் என்று அந்தக் காலத்து ஜனம் இடம் பார்த்துக் குடியேறியிருக்கிறது. அவர்களிடம் புலப்படம் கிடையாது. ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் எதுவரை ஏறுகிறது என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டிருக்க முடியும். வாடகைக்கு வீடு பார்ப்பவர்களுக்கும் மனை வாங்குபவர்களுக்கும் நான் இலவசமாகச் சொல்லும் ஆலோசனையும் இதுதான். பத்திரத்தைப் பங்குனியில் பாருங்கள், மனையைக் கார்த்திகையில் பாருங்கள்.

ஆற்றோரம் நடந்தால் நல்லது மட்டுமா கண்ணில் படுகிறது? இல்லை. கோழிக்கடைக் கழிவு மூட்டையும், பழைய மெத்தையும், மருந்துப் பாட்டிலும் பாலத்தடியில் கிடக்கின்றன. மணல் போன இடத்தில் பாறையும் களியும் பல்லைக் காட்டுகின்றன. மணல் போனால் தண்ணீரைப் பிடித்து வைக்க ஆற்றில் எதுவும் இல்லை என்பது கிணறு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். ஆற்றுக்குள் சீமைக்கருவேலம் அடைத்து நிற்கிறது. 2017இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்றச் சொல்லி உத்தரவிட்டபோது ஊர் ஊராக வெட்டினோம். வேரோடு எடுக்காத இடத்திலெல்லாம் அடுத்த மழைக்கே தழைத்துவிட்டது. அதே முள்ளை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் நம் காட்டில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன என்பதையும் மறந்துவிட முடியாது. எனவே முள்ளெல்லாம் சத்துரு என்று நான் சொல்ல மாட்டேன். தரிசில் இருந்தால் அது ஒருவர் பிழைப்பு. ஆற்றுக்கு நடுவில் இருந்தால் அது தண்ணீருக்குப் போட்ட தடுப்பு. இந்த வித்தியாசம் நடந்து பார்க்கிறவனுக்குத்தான் தெரியும்.

காடும் மாறிப்போயிற்று. கருங்கண்ணிப் பருத்தியும் கம்பும் சோளமும் நின்ற இடத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளம். 2018இல் படைப்புழு வந்து அதையும் ஒரு ஆட்டு ஆட்டியது. இப்போது காட்டுப்பன்றி. விவசாயியைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. எது விலை போகிறதோ அதைத்தான் அவர் விதைப்பார். ஆனால் வரப்பு வழியே நடந்து அவரிடம் நாலு வார்த்தை பேசினால், நாம் சாப்பிடும் சோற்றுக்கும் குழம்புக்கும் பின்னால் என்ன பாடு இருக்கிறது என்றாவது தெரியும். இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களுக்கென்று ஓர் அகராதியே தொகுத்தார். அந்தச் சொற்கள் எல்லாம் இந்தக் காட்டிலும் களத்திலும் புழங்கியவர்களின் வாயில் இருந்தவைதான். காட்டுக்குப் போகாத ஊரில் அந்தச் சொற்கள் அகராதியில் மட்டும்தான் மிஞ்சும்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். நான் ஆற்றங்கரையில் நடப்பதைப் பார்த்து, பழகிய ஒருவர் கேட்டார்: "என்ன சார், பென்ஷன் வாங்கியும் இன்னும் அளந்துக்கிட்டேதான் அலையுறீகளா?" ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்றுதானே பழமொழியே இருக்கிறது என்றேன். சிரித்தார். ஆனால் கூட நடக்க வரவில்லை. அவர் சொன்ன காரணங்கள் நியாயமானவைதான். சகதி. பாம்பு. நாய். முழங்கால் வலி. வழுக்கி விழுந்தால் இந்த வயதில் இடுப்பெலும்பு போய்விடும்.

சகதியைப் பற்றி எனக்குச் சொல்லித்தர வேண்டாம். ஈரக் கரிசலில் நடந்தால் செருப்பில் அப்பிக்கொண்டு பத்தடிக்குள் ஒவ்வொரு காலும் ஒரு கிலோ கூடிவிடும். சர்வே வேலையில் மழை மாதத்தில் காட்டுக்குள் சங்கிலியை இறக்கவே முடியாது. ஆனால் ஆற்றங்கரை மணலும் சரளையும் கலந்தது. மழை விட்டு ஒரு மணி நேரத்தில் கால் ஒட்டாது. காட்டுக்குள் இறங்காமல் கரையோடு நடந்தால் போதும். கையில் ஒரு கம்பு இருந்தால் நாய்க்கும் பாம்புக்கும் முழங்காலுக்கும் மூன்றுக்கும் அதுவே மருந்து. நன்றாக விடிந்த பிறகு போனால் போதும், இருட்டில் போக வேண்டாம். இரண்டு பேராகப் போக வேண்டும். இடி மின்னல் இருக்கும்போதும், அணை திறப்பு, வெள்ள எச்சரிக்கை என்று அறிவித்திருக்கும் நாளிலும் போகவே கூடாது. எந்த நாளிலும் ஓடும் தண்ணீருக்குள் காலை வைக்கக் கூடாது. கரையில் நடக்கத்தான் சொல்கிறேன், ஆற்றோடு மல்லுக்கட்டச் சொல்லவில்லை.

இன்னொரு தரப்பு இருக்கிறது. "ஆற்றங்கரையில் நல்ல நடைபாதை போட்டுக் கொடுத்தால் நாங்கள் வருகிறோம்" என்பவர்கள். கல் பதித்த பாதை, கைப்பிடிக் கம்பி, வண்ண விளக்கு, செல்பி எடுக்க ஊர்ப் பெயர் எழுதிய பலகை. பல ஊர்களில் வந்துவிட்டது. நான் இதற்கு எதிர்ப்பு. கரையைக் கான்கிரீட்டால் கட்டி ஆற்றைக் குறுக்கி, அதன் மேல் நாம் நடப்பதென்றால், நடப்பது கரையில் அல்ல, ஆற்றின் நெஞ்சில். விளக்கு நாலு மாதத்தில் உடையும். கல் இரண்டு மழையில் உப்பும். கரிசல் மண் அப்படி. கல் நிற்காத மண்ணில் கல் பதித்துப் பயனில்லை என்று சொல்ல என்ஜினீயர் வேண்டாம், சர்வேயரே போதும்.

நான் கேட்பது குறைவு. கரையோரம் ஓர் ஆள் நடக்கும் அகலத்துக்கு முள் வெட்டிய ஒற்றையடிப் பாதை. ஆற்றுப் புறம்போக்கு எங்கே முடிகிறது என்று காட்டும் எல்லைக்கற்கள், சாய்ந்தால் அந்த வருஷமே நிமிர்த்தி வைக்க ஓர் ஏற்பாடு. ஊருக்குள் ஓடும் ஒவ்வொரு ஓடைக்கும் அதன் பெயரை எழுதிய ஒரு பலகை. பெயர் இருந்தால்தான் பொருளுக்குச் சொந்தக்காரன் இருப்பான். பெயரில்லாத ஓடை சாக்கடை என்று ஆகிவிடும். கடைசியாக, பள்ளிப் பிள்ளைகளுக்குக் கார்த்திகையில் ஒரே ஒரு நாள், மழை விட்ட காலையில் ஆற்றங்கரை நடை. ஆசிரியர்களோடு நம்மைப் போன்ற நாலு கிழவர்களும் கிழவிகளும் கூடப் போனால் போதும். இது எங்கே பிறந்து எங்கே போகிறது, இந்தப் பாலத்தில் தண்ணீர் எந்த வருஷம் எது வரை ஏறியது, இந்த ஓடை முன்பு எந்தத் தெரு வழியாக வந்தது என்று கை நீட்டிக் காட்ட வேண்டும். செலவு என்று பார்த்தால் பிள்ளைக்கு ஒரு கடலைமிட்டாய். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு வாங்கி அந்தப் பெயரைக் காப்பாற்றிவிட்டோம். ஆற்றின் எல்லையையும் அதேபோல் காப்பாற்ற வேண்டாமா?

இதை வாசிக்கும் உங்களில் பலர் இப்போது மதுரையிலோ சென்னையிலோ பிள்ளைகள் வீட்டில் இருப்பீர்கள். அங்கேயும் ஓர் ஓடை இருக்கும், ஓர் ஏரி இருக்கும். கார்த்திகை தீபத்துக்கு ஊருக்கு வருகிறவர்கள் ஓலைக் கொழுக்கட்டையைச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் பஸ் ஏறிவிடாதீர்கள். ஒரு காலை இருந்து, பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு உங்கள் ஊர் ஆற்றங்கரையிலோ கண்மாய்க் கரையிலோ நடந்துவிட்டுப் போங்கள். தண்ணீர் நின்ற கோட்டைக் காட்டுங்கள். "இது வரைக்கும் ஆத்தோட இடம், இதுக்கு அங்கிட்டுத்தான் நம்ம இடம்" என்று சொல்லிக் கொடுங்கள். சொத்து எழுதி வைக்கிறோம், நகை பிரித்துக் கொடுக்கிறோம். இந்த ஒரு எல்லையையும் காட்டிக் கொடுத்துவிட்டுப் போகலாம்.

சாத்தூரில் இருப்பவர்களுக்கு ஒரு செய்தி. மழை விட்ட நாட்களில் காலை ஆறரை மணிக்கு நான் பாலத்துப் பக்கம் நிற்பேன். கம்பு இல்லாதவர்களுக்கு என்னிடம் இரண்டு இருக்கிறது. நடந்து முடித்ததும் டீக்கடையில் சூடாக ஒரு டீ, கூடவே காரச்சேவு கொஞ்சம். டாக்டரிடம் மட்டும் சொல்லிவிட வேண்டாம்.